ஜாஸ் கலைஞரோடு பேச்சும் வாசிப்பும்: சென்னையில் ஒரு வானொலி நிகழ்ச்சி செய்வது எப்படி

அமெரிக்கப் பொது வானொலியான என்பிஆரில் மரியன் மெக்பார்ட்லண்ட் என்ற பியானோக் கலைஞர் 1978-ல் தொடங்கிய நிகழ்ச்சியின் பெயர் 'பியானோ ஜாஸ்'. ஏற்பாடு மிக எளிது: இரண்டு பியானோ, ஒன்றில் அவர், இன்னொன்றில் விருந்தினர். கொஞ்சம் பேச்சு, கொஞ்சம் தனி வாசிப்பு, கொஞ்சம் சேர்ந்து வாசிப்பு, மொத்தம் ஒரு மணி நேரம். முதல் விருந்தினர் மேரி லூ வில்லியம்ஸ். பிறகு பில் எவன்ஸ், ஆஸ்கர் பீட்டர்சன், ரே சார்ல்ஸ் என்று வரிசையாக வந்தார்கள். ட்ரம்பெட்டுக்குப் பெயர்பெற்ற டிஸ்ஸி கில்லெஸ்பி மாதிரி ஆட்களும் வந்தார்கள். 1983-ல் ஒலிபரப்புத் துறையின் பெரிய கௌரவமான பீபடி விருது கிடைத்தது. 2011 வரை, தொண்ணூறு வயதைத் தாண்டியும், அந்த அம்மா உட்கார்ந்து நடத்தினார்.

இதே மாதிரி ஒன்றைச் சென்னையில், தமிழில், நம் ஊரில் ஜாஸ் வாசிக்கிறவர்களை வைத்துச் செய்ய முடியும். செய்ய நினைக்கிறவர்களுக்காகத்தான் எழுதுகிறேன். மைக், அறை, உரிமம் எல்லாவற்றுக்கும் வருகிறேன், ஆனால் முதலில் ஒன்று: விருந்தினர் உங்கள் கேள்விக்கு வாயால் மட்டும் பதில் சொல்லிவிட்டுப் போனால் அது வெறும் பேட்டி. பதில் கையிலிருந்தும் வரவேண்டும். கீழே சொல்கிற ஒவ்வொரு ஏற்பாடும் அதற்காகத்தான்.

நடத்துகிறவருக்கு வாசிக்கத் தெரிந்திருக்க வேண்டும். பெரிய வித்வானாக இருக்கத் தேவையில்லை. பன்னிரண்டு பார் (பார் என்றால் நாலு எண்ணிக்கை கொண்ட ஒரு தாளக் கட்டம்) ப்ளூஸை நாலைந்து ஸ்கேலில், அதாவது வேறு வேறு சுருதியில், தடுமாறாமல் வாசிக்க வேண்டும், முப்பத்திரண்டு பார் பாட்டுகள் ஒரு இருபதாவது கைவசம் இருக்க வேண்டும், அடுத்தவர் சோலோ, அதாவது தனி வாசிப்பு, எடுக்கும்போது பின்னால் கார்டு (பல ஸ்வரங்களைச் சேர்த்து ஒரே நேரத்தில் அழுத்துவது) போட்டுத் தாங்கத் தெரிய வேண்டும். பேச ஒருவர், வாசிக்க ஒருவர் என்று இரண்டு பேராகப் பிரித்துக்கொள்ளலாமே என்று பலர் கேட்பார்கள். எனக்கு அதில் நம்பிக்கை இல்லை, ஏனென்றால் விருந்தினர் ஒரு வரியை வாசித்து நிறுத்தும்போது அங்கே எதைக் கேட்க வேண்டும் என்பது பக்கத்தில் வாசித்துக்கொண்டிருந்தவருக்குத்தான் தோன்றும். நம் கச்சேரிகளில் ஆலாபனையின்போது வயலின்காரர் என்ன செய்கிறார் என்று கவனியுங்கள். பாடகரின் நிழலாக ஒரு நூல் பின்னால் போவார், இடம் கொடுத்தால் எடுத்துக்கொள்வார், தனக்கு வந்ததையெல்லாம் கொட்ட மாட்டார். நடத்துகிறவரின் வேலை அதேதான். நீங்கள் எவ்வளவு நன்றாக வாசிக்கிறீர்கள் என்று காட்டுவதற்கான நிகழ்ச்சி இல்லை இது.

சரி, யாரைக் கூப்பிடுவது? சென்னையில் ஜாஸுக்கு யார் இருக்கிறார்கள் என்று கேட்டால் எனக்கு உண்மையிலேயே வருத்தமாக இருக்கும். 1958-ல் அமெரிக்க ஜாஸ் பியானோக் கலைஞர் டேவ் புரூபெக்கின் நால்வர் குழு இந்தியப் பயணத்தில் மெட்ராஸுக்கும் வந்தது. ஆங்கிலேய கிட்டார் கலைஞர் ஜான் மெக்லாஃப்லின் 'சக்தி' குழுவை அமைத்தபோது அதில் கடம் வாசித்தவர் நம் விக்கு விநாயகராம். பின்னால் 'ரிமெம்பர் சக்தி'யில் மாண்டலின் யு. ஸ்ரீநிவாஸ். கத்ரி கோபால்நாத்தும் அமெரிக்க சாக்ஸபோன் கலைஞர் ருத்ரேஷ் மஹந்தப்பாவும் சேர்ந்து கொடுத்த 'கின்ஸ்மென்' ஆல்பம் 2008-ல் வந்தது. இவர்கள் பெரிய பெயர்கள். உங்கள் நிகழ்ச்சிக்கு வரப்போகிறவர்கள் இன்னும் பக்கத்தில் இருக்கிறார்கள்: வடபழனி, சாலிகிராமம் பக்கம் சினிமா ரெக்கார்டிங்குக்குப் போகிற கீபோர்டு, பேஸ் கிட்டார், டிரம்ஸ் கலைஞர்கள், ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் ஆர்கன் வாசித்துவிட்டு வார இரவுகளில் நட்சத்திர ஹோட்டலில் ஸ்டாண்டர்டுகள் (ஜாஸ்காரர்கள் எல்லோரும் வாசிக்கிற பழைய பாட்டுகள்) வாசிக்கிறவர்கள், வேப்பேரியிலும் பெரம்பூரிலும் வீட்டில் பியானோ சொல்லிக்கொடுக்கிற ஆங்கிலோ இந்தியக் குடும்பத்துப் பெரியவர்கள், கே.எம். இசைக் கல்லூரி மாதிரி இடங்களில் சொல்லிக்கொடுக்கிறவர்கள், அங்கே படித்துவிட்டு வெளியே வந்திருக்கிற பிள்ளைகள். நுங்கம்பாக்கம் அலியான்ஸ் பிரான்சேஸ், கதே இன்ஸ்டிட்யூட் இரண்டும் அவ்வப்போது வெளிநாட்டு ஜாஸ் குழுக்களை வரவழைப்பதுண்டு. நிகழ்ச்சி அறிவிப்பு வந்த உடனே எழுதிக் கேட்டால், கச்சேரிக்கு மறுநாள் காலை இரண்டு மணி நேரம் கிடைக்க வாய்ப்பு இருக்கிறது. முதல் சில பகுதிகளுக்கு வயதானவர்களைக் கூப்பிடுங்கள். அவர்களிடம் கதையும் இருக்கும், அந்தக் கதைக்குரிய வாசிப்பும் இருக்கும், இரண்டையும் யாரும் பதிவு செய்திருக்க மாட்டார்கள்.

பணம் கொடுங்கள். சின்னத் தொகையாக இருந்தாலும் முன்கூட்டியே சொல்லி, அன்றைக்கே கையில் கொடுங்கள். சினிமாக்காரர்களுக்குக் கால்ஷீட் திடீரென்று வரும், அவர்கள் பதிவைத் தள்ளிப்போட்டால் கோபப்படாமல் வேறு தேதி வாங்குங்கள். ஹோட்டலில் இரவு வாசித்தவரைக் காலை எட்டு மணிக்கு வரச் சொல்லாதீர்கள், பத்தரை மணி நல்ல நேரம். டிசம்பரை விட்டுவிடுங்கள், சங்கீத சீசன் ஒரு பக்கம், கிறிஸ்துமஸ் கேரல் ஒத்திகை ஒரு பக்கம், ஒருத்தரும் சிக்க மாட்டார்கள். பொங்கல் முடிந்து மார்ச் வரைக்கும் உள்ள நாட்கள்தான் எல்லா வகையிலும் சௌகரியம். அப்போது காற்றில் ஈரம் குறைவு, பியானோ ஓரளவுக்கு நிலையாக நிற்கும், ஃபேன் இல்லாமல் மனிதர்களால் உட்காரவும் முடியும்.

பியானோ விஷயத்தில் கொஞ்சம் விலாவாரியாகச் சொல்கிறேன், ஏனென்றால் பல பதிவுகள் கெடுவது இங்கேதான். இரண்டு நிஜப் பியானோ ஒரே அறையில் இருக்கிற இடம் சென்னையில் கிடைப்பது கஷ்டம். ஒரு நிஜப் பியானோவும் ஒரு 88 கட்டை டிஜிட்டல் பியானோவும் போதும். நிஜப் பியானோவில் விருந்தினர், டிஜிட்டலில் நீங்கள். இதை மாற்றவே கூடாது. கடலோர ஊரில் ஈரம் ஏறினால் பியானோவின் சவுண்ட்போர்டு உப்பிச் சுருதி ஏறும், காய்ந்தால் இறங்கும், ஏசி போட்டு அணைத்தாலே வித்தியாசம் தெரியும். ஆகவே டியூனரை முதல் நாளோ அன்று காலையோ வரவழையுங்கள், பதிவின்போது அறை எப்படி இருக்குமோ அப்படியே வைத்து டியூன் செய்யச் சொல்லுங்கள். வீடுகளில் பல வருடம் சும்மா கிடந்த பியானோக்கள் சுருதி நன்றாக இறங்கியிருக்கும். ஒரேயடியாக 440-க்கு (ஏ ஸ்வரத்துக்கு 440 ஹெர்ட்ஸ் என்ற பொதுச் சுருதி) ஏற்றினால் கம்பி அறுந்துபோகலாம் என்று டியூனர் சொன்னால் அவர் பேச்சைக் கேளுங்கள். பியானோ தனக்குள் ஒழுங்காக இருந்தால் போதும், 435-ல் நின்றால்கூடப் பரவாயில்லை, உங்கள் டிஜிட்டல் பியானோவில் மாஸ்டர் டியூனிங் என்று ஒரு அமைப்பு இருக்கும், அதை அந்த எண்ணுக்கு இறக்கிக்கொள்ளுங்கள். பதிவு தொடங்குவதற்கு முன்பு ஒரு தடவை, நடுவில் இடைவேளை விட்டால் இன்னொரு தடவை, இரண்டு பியானோவிலும் ஒரே ஸ்வரத்தைப் பிடித்துச் சரிபாருங்கள்.

அறை பெரிய ஸ்டூடியோவாக இருக்க வேண்டியதில்லை. புத்தக அலமாரி, திரைச்சீலை, ஜமக்காளம் உள்ள ஹால் போதும். ஏசி, ஃபேன், ஃபிரிட்ஜ் எல்லாம் அணைந்திருக்க வேண்டும். ஆடி மாதத்தில் ஒலிபெருக்கி கட்டுகிற அம்மன் கோயில் அந்தத் தெருவில் இருக்கிறதா என்று முதலிலேயே விசாரியுங்கள். கரண்ட் போய் வந்தால் பதிவே போய்விடும், எனவே லேப்டாப்பை பேட்டரியில் ஓட்டுங்கள், மைக்குகளை லேப்டாப்போடு இணைக்கிற இன்டர்ஃபேஸை யூபிஎஸ்ஸில் போடுங்கள். வீட்டு எர்த்திங் சரியில்லை என்றால் ஹெட்ஃபோனில் தாழ்ந்த ஒரு ரீங்காரம் கேட்கும், அதுதான் 50 ஹெர்ட்ஸ் ஹம்; எல்லாக் கருவிகளையும் ஒரே பிளக் பாயின்ட்டிலிருந்து எடுத்தால் பெரும்பாலும் குறையும்.

மைக் அமைப்பு இப்படி: பேச்சுக்கு ஆளுக்கு ஒரு டைனமிக் மைக். மேடைகளில் எல்லோரும் பார்த்திருக்கிற ஷூர் எஸ்எம்58 தாராளம். அதை வளைகிற பூம் ஸ்டாண்டில் மாட்டி, பியானோ முன் உட்கார்ந்தபடியே பேச வசதியாக, வாயிலிருந்து நாலு விரல் தூரத்தில் வையுங்கள். இதில் கஞ்சத்தனம் வேண்டாம். விருந்தினர் பேசுவதற்காகச் சோபாவுக்கும் வாசிப்பதற்காகப் பியானோவுக்கும் எழுந்து நடக்கிற மாதிரி வைத்தால் உங்கள் நிகழ்ச்சி அங்கேயே முடிந்தது, கை எப்போதும் கட்டைகளின் மேல் இருக்க வேண்டும், பேச்சின் நடுவிலேயே விரல் எதையாவது தேட வேண்டும். பியானோவுக்கு இரண்டு கண்டென்சர் மைக். கம்பிகளுக்கு மேல் ஒரு அடி உயரம் என்றால் இரண்டு மைக்குக்கும் நடுவே மூன்று அடி இடைவெளி விடுங்கள். அப்ரைட் பியானோ என்றால் மேல்மூடியைத் திறந்து, முன்பலகையைக் கழற்றிவிடலாம். டிஜிட்டல் பியானோவிலிருந்து நேராக இரண்டு லைன். மொத்தம் ஆறு டிராக் ஆகிறது, எனவே எட்டு இன்புட் உள்ள இன்டர்ஃபேஸ் வேண்டும்; வாங்க வேண்டாம், வாடகைக்கு எடுங்கள். பதிவின் அமைப்பு 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட். சத்தமான இடத்திலும் அளவு மைனஸ் 12 டெசிபலைத் தாண்டாதபடி வைத்தால், உற்சாகத்தில் ஓங்கி அடிக்கும்போதும் உடையாது. கிளம்புவதற்கு முன் யாரும் பேசாமல் அரை நிமிடம் வெறும் அறையைப் பதிவு செய்துகொள்ளுங்கள், எடிட்டிங்கில் ஒட்டுப்போட உதவும்.

இனி பேச்சு. விருந்தினரின் பதிவுகளைக் கேட்டுவிட்டு வாருங்கள், பதிவே இல்லாதவர் என்றால் முந்தைய வாரம் அவர் வாசிக்கிற ஹோட்டலுக்கோ சர்ச்சுக்கோ போய்க் கேளுங்கள். பதிவு ஓடத் தொடங்கியதும் அறிமுக உரை வேண்டாம். முதலில் அவர் ஒன்று வாசிக்கட்டும், மூன்று நான்கு நிமிடம். அதற்குப் பிறகு "நேயர்களே, இப்போது வாசித்தவர்..." என்று பெயரைச் சொன்னால் போதும், கேட்கிறவர் ஏற்கனவே அவரைச் சந்தித்துவிட்டார்.

கேள்விகளை எழுதி வைத்துக்கொள்ளுங்கள், ஆனால் ஒவ்வொரு கேள்வியையும் 'இதற்கு வாசித்துக் காட்டாமல் பதில் சொல்ல முடியுமா' என்று சோதித்துப் பாருங்கள். முடியும் என்றால் திருத்துங்கள். "இசைக்கு எப்படி வந்தீர்கள்" என்பதை "காதால் கேட்டு நீங்களாகப் பிடித்த முதல் ட்யூன் எது, அதை அன்றைக்கு வாசித்த மாதிரியே வாசியுங்களேன்" என்று மாற்றுங்கள். "உங்கள் ஆசிரியரைப் பற்றிச் சொல்லுங்கள்" என்பதற்குப் பதில் "இதே நாலு பாரை உங்கள் சார் எப்படி வாசிப்பார்?" என்று கேளுங்கள். "அங்கே இடது கை என்ன செய்தது? அதை மட்டும் தனியாக." "அதையே பாதி வேகத்தில்." "ஸ்விங்கே இல்லாமல் நேராக ஒரு தடவை, அப்புறம் ஸ்விங்கோடு." இந்தக் கடைசி ஒன்று இருக்கிறதே, ஜாஸுக்கே உரிய அந்தத் துள்ளல் நடையான ஸ்விங் என்றால் என்ன என்று அரை மணி நேரம் விளக்கினாலும் புரியாதது இருபது நொடியில் புரிந்துவிடும். 'பியானோ ஜாஸி'ல் பில் எவன்ஸ் வந்த பகுதி 1978 நவம்பரில் பதிவானது. அதில் அவர் ஒரு பழைய பாட்டின் வரியைத் தாளத்தில் முன்னும் பின்னும் தள்ளித் தள்ளி வைத்து, தான் என்ன செய்கிறார் என்று வாசித்தே காட்டுவார். இந்த வகை நிகழ்ச்சியைச் செய்ய நினைப்பவர் எல்லோரும் கேட்க வேண்டிய ஒரு மணி நேரம் அது, நான் இன்னமும் திரும்பத் திரும்பக் கேட்கிறேன்.

நம் நேயர்களுக்குத் தாளம் தெரியும், அதைப் பயன்படுத்துங்கள். பன்னிரண்டு பார் ப்ளூஸில் பாருக்கு நாலு எண்ணிக்கை, மொத்தம் 48, ஆதி தாளம் போட்டால் சரியாக ஆறு ஆவர்த்தனம். "தாளம் போடுங்கள், ஆறாவது முடிந்ததும் பாட்டு திரும்ப ஆரம்பத்துக்கு வரும்" என்று ஒரு வரி சொல்லிவிட்டு வாசிக்கத் தொடங்குங்கள். வீட்டில் கேட்கிற மாமி தொடையில் தட்டிக்கொண்டே ஜாஸின் வடிவத்துக்குள் வந்துவிடுவார். விருந்தினர் ஆங்கிலம் கலந்து பேசினால் தடுக்காதீர்கள், தேவையான இடத்தில் மட்டும் நீங்கள் தமிழில் ஒரு வாக்கியம் சேர்த்துக்கொள்ளுங்கள்.

சேர்ந்து வாசிக்க ஒத்திகை வேண்டாம். ஆனால் வாசிப்பதற்கு முன் ஆறு விஷயத்தைப் பேசி முடிவு செய்யுங்கள், அந்தப் பேச்சும் பதிவாகட்டும்: எந்த ஸ்கேல், என்ன வேகம், என்ன வடிவம், தொடக்கம் எப்படி, முதல் சோலோ யாருக்கு, முடிவு எப்படி. முடிவைப் பேசாமல் விட்டால் இரண்டு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு இருப்பீர்கள். கடைசி நாலு பாரை மூன்று தடவை வாசித்து முடிப்பது என்று வைத்துக்கொண்டால் யாருக்கும் தவறாது. முதல் டூயட் எஃப் அல்லது பி ஃப்ளாட்டில் ஒரு ப்ளூஸாக இருக்கட்டும், மிதமான வேகத்தில். இரண்டு பியானோ ஒன்றாக ஒலிக்கும்போது கீழ் ஸ்தாயி சீக்கிரம் சேறாகிவிடும். அவர் பேஸ் வாசித்தால் உங்கள் இடது கையைத் தூக்கிவிடுங்கள், அவர் மேலே போனால் நீங்கள் நடுவில் நில்லுங்கள், சஸ்டெய்ன் பெடலைப் பாதியாகக் குறையுங்கள். அடுத்து நாலு பார் அவர், நாலு பார் நீங்கள் என்று மாறி மாறி வாசியுங்கள், தனி ஆவர்த்தனத்தில் மிருதங்கமும் கடமும் குறைப்பு வாசிப்பது மாதிரி நாலு, ரெண்டு, ஒன்று என்று சுருக்கிக்கொண்டே வந்து சேர்ந்து முடித்தால் சென்னைக் காதுக்கு அதைவிட ஆனந்தம் இல்லை.

ஒரு மணி நேரத்தில் மூன்று டூயட் போதும். மூன்றில் ஒன்று எந்தப் பாட்டும் இல்லாமல், முன்பேச்சும் இல்லாமல், அங்கேயே பிறக்கிற வாசிப்பாக இருக்கட்டும். மெக்பார்ட்லண்ட் இதை அடிக்கடி செய்வார், இன்னொன்றும் செய்வார்: எதிரில் இருக்கிற மனிதரை வைத்து ஒரு சித்திரம் மாதிரி, அந்த நிமிடத்திலேயே ஒரு இசைத் துணுக்கை வாசிப்பார். உங்களுக்குக் கைவந்தால் செய்து பாருங்கள். பேச்சு நன்றாக ஓடிய பிறகு, கடைசிப் பகுதியில்.

கர்நாடக இசைக் கலைஞரோடு ஒரு பகுதி செய்ய ஆசை வரும், வர வேண்டும். முதலில் சுருதி கேளுங்கள். ஒரு கட்டை என்றால் சி, ஐந்து என்றால் ஜி, ஐந்தரை என்றால் ஏ ஃப்ளாட்; அந்த ஸ்கேலில் நீங்கள் ஒரு வாரம் பழகிவிட்டுப் போங்கள், அவரை உங்கள் ஸ்கேலுக்கு இழுக்காதீர்கள். கார்டுகளை மாற்றிக்கொண்டே இருந்தால் ராகம் நிற்காது, ஆகவே ஆதார ஸ்ருதியைச் சுற்றி ஒன்றிரண்டு கார்டிலேயே இருங்கள். தொடங்குவதற்கு நல்ல ராகம் சுத்த தன்யாசி. அதன் ஐந்து ஸ்வரங்களும் ப்ளூஸில் புழங்குகிற மைனர் பென்டடானிக்கின் ஐந்து ஸ்வரங்களும் ஒன்றேதான். அவர் பாடட்டும், நீங்கள் அதையே ப்ளூஸாக வாசியுங்கள், அப்புறம் கமகம் எங்கே பியானோவால் முடியாமல் போகிறது என்று அவரையே பாடிக் காட்டச் சொல்லுங்கள்.

எடிட்டிங்கில் கை அதிகம் வைக்காதீர்கள். இரண்டு மணி நேரப் பதிவை ஒரு மணி நேரமாக்கும்போது சுற்றி வளைத்த பேச்சை வெட்டலாம், வாசிப்புக்குள் கத்தரி போடக்கூடாது. தவறி விழுந்த ஸ்வரமும் அதற்கு அவர் சிரித்த சிரிப்பும் இருக்கட்டும். பேச்சும் இசையும் சத்தத்தில் ரொம்ப விலகாமல், மொத்தம் மைனஸ் 16 எல்யூஎஃப்எஸ் (காதுக்குத் தெரியும் சத்தத்தை அளக்கிற அலகு) பக்கம் வருமாறு வையுங்கள், பஸ்ஸில் கேட்கிறவருக்கும் பேச்சு தெளிவாக இருக்கும்.

எங்கே ஒலிபரப்புவது? தனி ஆளுக்குச் சமுதாய வானொலி உரிமம் கிடையாது, கல்வி நிறுவனங்கள், தொண்டு நிறுவனங்கள் போன்ற அமைப்புகளுக்குத்தான். நீங்கள் நிகழ்ச்சி தயாரித்துக் கொடுக்கிறவராகப் போகலாம். அண்ணா பல்கலைக்கழகத்தின் அண்ணா எஃப்எம் 90.4, 2004-ல் தொடங்கியது, நாட்டிலேயே முதல் வளாகச் சமுதாய வானொலி. சென்னைக் கல்லூரிகள் வேறு சிலவும் நடத்துகின்றன. இவற்றின் எட்டு தூரம் சில கிலோமீட்டர்தான், எனவே ஒலிபரப்பான பிறகு பாட்காஸ்டாகவும் போட அனுமதி கேட்டுவிடுங்கள்.

உரிமை விஷயத்தில் அலட்சியம் கூடாது. நம் பதிப்புரிமைச் சட்டப்படி இசையமைத்தவர் இறந்து 60 வருடம் வரை அவர் படைப்புக்கு உரிமை உண்டு, நிகழ்த்திய கலைஞருக்கு அவர் நிகழ்த்தலின் மேல் 50 வருடம் உரிமை உண்டு. ஸ்டாண்டர்டுகள் வாசித்தால், இசையமைப்பாளர்கள், பாடலாசிரியர்கள் சார்பில் உரிமம் கொடுக்கிற ஐபிஆர்எஸ் அமைப்பிடம் உரிமம் பற்றிப் பேசுங்கள். வானொலி நிலையத்துக்கு ஏற்கனவே இருந்தாலும் அது பாட்காஸ்டுக்கும் சேருமா என்று கேளுங்கள். விருந்தினரின் சொந்தப் படைப்புகளும் அங்கேயே பிறந்த வாசிப்பும் இதில் சிக்கல் குறைந்தவை. எங்கெங்கே, எவ்வளவு காலம் ஒலிபரப்பலாம், பணம் வந்தால் எப்படிப் பங்கு என்று ஒரு பக்கத்தில் தமிழில் எழுதி, பதிவுக்கு முன்பே கையெழுத்து வாங்குங்கள், ஒரு பிரதி அவருக்கு.

பதிவு முடிந்த வாரத்திலேயே விருந்தினருக்கு முழு ஃபைலையும், அவர் தனியாக வாசித்த டிராக்குகளைத் தனியாகவும் கொடுங்கள், நீங்கள் இரண்டு ஹார்டு டிஸ்க்கில் வேறு வேறு வீட்டில் வைத்துக்கொள்ளுங்கள். அவர் கிளம்பும்போது, இந்த ஊரில் யாரோடு உட்கார்ந்து வாசிக்க அவருக்குப் பிடிக்கும் என்று கேட்டு, அந்தப் பெயரைக் குறித்துக்கொண்டு, முடிந்தால் அவரையே ஒரு போன் போட்டுச் சொல்லச் சொல்லுங்கள்.